காற்று ஏறிய பாக்கெட்

மெஷினின் மூடியை அழுத்தியதும் பிளாஸ்டிக் உறை சுருங்கியது. உள்ளே இருந்த மிளகாய்வற்றல் செங்கல் போல இறுகிப்போனது. அதைப் பார்த்து அண்ணி கைதட்டிச் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உறையிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டும் அந்த மெஷினைக் கோயம்புத்தூரிலிருந்து நான்தான் வாங்கிப் போனேன். கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பகுதிக் கிடங்கு ஒன்றுக்குப் பின்னால் அண்ணன் வீடு. மழைக்காலத்தில் அங்கே உப்பு கரைந்து ஓடும், அப்பளம் பூசணம் பிடிக்கும். தென்காசியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணி முப்பது வருடமாக அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டியவர். ஒரே வாரத்தில், அந்த வீட்டில் உறைக்குள் போகாதது அண்ணன் மட்டும்தான் என்று கேலி செய்தேன்.

மெஷினோடு வந்த கையேட்டை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன், பட்டன்களைப் பற்றிய பக்கங்களை மட்டும். கடைசியில் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கைகளை யார் படிப்பார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிவிடுவேன்.

அண்ணன் ஒவ்வொரு கார்த்திகையிலும் சபரிமலைக்கு மாலை போடுவார். முந்தின நாள் செம்மீன், நம்ம ஊர் இறால், வாங்கி வந்து வயிறாரச் சாப்பிடுவது அவர் வழக்கம். அந்த வருடம் ஆசையில் அளவுக்கு மிஞ்சி வாங்கிவிட்டார். அண்ணி தேங்காய்க்கொத்து போட்டு வறுத்தது பாதி மிஞ்சியது. மற்ற வருடமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். இந்த முறை, மலையிலிருந்து வந்ததும் அண்ணனுக்குக் கொடுக்கலாம் என்று பாக்கெட்டாக்கினார். விரத நாளில் ஃபிரிட்ஜில் மீன் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. அதனால் பாக்கெட் கொல்லைப்புற விறகுப்புரையில் ஒரு தகர டின்னுக்குள் போனது. காற்றுதான் இல்லையே, எப்படிக் கெடும் என்று அண்ணி போனில் கேட்டபோது, அதானே என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன்.

“புள்ள, அந்தப் பாக்கெட்டுக்குள்ள காத்து ஏறிருச்சு. பலூன் கணக்கா உப்பிக்கிட்டு நிக்கி. தூரப் போட்டுறவா?”

நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். “சீல் சரியா ஒட்டலை அண்ணி. ஓரத்தை வெட்டிட்டு மறுபடி போடுங்க.”

அந்தக் காற்று வெளியிலிருந்து வந்ததல்ல. காற்றில்லாமலே வளரும் விஷக்கிருமியால் உள்ளே கெட்டுப்போனதிலிருந்து கிளம்பியது. அது இப்போது எனக்குத் தெரியும். அண்ணி தூரப் போடத்தான் நினைத்தார். நான்தான் அவர் கையைத் தடுத்தேன்.

அண்ணன் மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று, அண்ணி பாக்கெட்டை வெட்டி, சூடாக்கும் முன் இரண்டு துண்டை வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். ருசி பிடிக்கவில்லை. அண்ணனுக்கு வேண்டாம் என்று கொட்டிவிட்டு முட்டை பொரித்துக் கொடுத்திருக்கிறார். மறுநாள் இமை திறக்க முடியவில்லை, பேச்சு குழறியது. எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது விழுங்கவும் முடியாமல் கிடந்தார். பாக்கெட் வீங்கியிருந்ததா என்று டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். அண்ணன் பார்க்கவே இல்லை என்றார். நான் தரையைப் பார்த்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் சரியான மருந்து முன்னமே போயிருக்குமோ என்னவோ. எட்டு நாள் மூச்சுக்குழாயோடு கிடந்து அண்ணி போய்விட்டார். நான் கோழை. அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

அண்ணன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். விரத வீட்டில் செம்மீன் இருந்ததால் வந்த தெய்வ குற்றமாம். அதற்குப் பரிகாரமாக, அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும், வயதையும் பார்க்காமல், பெருவழிக் காட்டுப்பாதையில் நடந்தே போகிறார். போன வருடம் பாதி ஏற்றத்தில் மயங்கி விழுந்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி மலை ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கார்த்திகையிலும் மாலை போட்டிருக்கிறார். அவரைத் தடுக்கும் சொல் என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லிவிடத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குப் போனேன்.

“அண்ணா, அது சாமி செஞ்சதில்ல” என்று ஆரம்பித்தேன்.

“பின்ன ஆரு செஞ்சது?” என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, நீ சாயா குடி, ஆறிப் போவும்” என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன், தமிழில். அண்ணன் மலையாளப் பள்ளியில் படித்தவர், அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. நாளைக் காலை இருமுடி கட்டுகிறார்.