"இவரை எனக்குத் தெரியும்மா"

நாரங்கா மிட்டாயின் புளிப்பு நாக்கின் ஓரத்தைச் சுருக்கென்று இழுக்க, ஸ்ரீவராகம் குளப்படியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கதை முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வயது எட்டு, வாய் எண்பது. தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம், அக்காவை வீட்டில் 'குஞ்சு' என்றுதான் கூப்பிடுவோம், அம்மாவின் வைரத்தோட்டைத்தான் அவளுக்குப் போடப்போகிறார்கள், அதைப் புதிதாகக் கட்ட அப்பா சாலைக் கடைத்தெருவில் ஆசாரி பார்த்திருக்கிறார், அப்பாவுக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும் என்று, மிட்டாய் கரைவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக இருந்த அவரைப் போல, என் பேச்சை அத்தனை பொறுமையாகக் கேட்ட பெரியவர் யாரும் அதுவரை இல்லை.

மறுநாள் பகலில் அவரே எங்கள் வாசலில் நின்றார். எங்கள் தெருப் பெண்கள் அந்நிய ஆண்களிடம் நேரே பேசமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று குழந்தையிடம் "கேளுடி" என்பார்கள். அம்மாவுக்கு அந்த வேலை செய்தது நான்.

"மாமா ஆபீஸிலேர்ந்து சொல்லிவிட்டார், கேட்டோ. ஆசாரி நாளைக்கு ஊருக்குப் போறாராம். குஞ்சுவோட தோட்டை இப்பவே வாங்கிண்டு வரச் சொன்னார்," என்று மலையாளம் கலந்த பேச்சில் சொன்னார். அப்பாவைத்தான் உறவுக்காரர் போல 'மாமா' என்றார்.

'குஞ்சு' என்றதுமே அம்மா நம்பிவிட்டாள். போதாததற்கு நான் வேறு, "இவரை எனக்குத் தெரியும்மா!" என்று குதித்தேன். உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அந்தத் தோடு போனால் கல்யாணமே நின்றுபோகும். பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஆத்துத் தங்கத்தை வாசப்படி தாண்ட விடவே மாட்டாரே உங்கப்பா. அவரா கேட்டார்னு கேளுடி."

"தாமசிச்சா மாமா கோவிப்பார், கேட்டோ," என்றார் அவர்.

அப்பாவின் கோபத்துக்கு அம்மா நடுங்குவாள். ஆனால் என்னைத் தள்ளிவிட்டு, தன் குரலிலேயே, "கோவிச்சுக்கட்டும். நாளைக்கு அவரே எடுத்துண்டு போவார்," என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சாயங்காலம் வந்த அப்பா, தான் யாரையும் அனுப்பவில்லை என்றார். "குஞ்சுங்கற பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா என் பக்கம் திரும்பாமலே, "கல்யாண வீடு, ஊரெல்லாம் பேச்சு, யாருக்குத்தான் தெரியாது?" என்றாள். மறுநாள் தலை பின்னிவிடும்போது, "நம்மாத்துச் சங்கதி தெரிஞ்சவன்லாம் நம்மாத்து மனுஷன் இல்லைடி," என்று மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். அன்று முதல் வாசலில் யார் வந்தாலும் தானே பேசினாள்.

இப்போது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கம்பிக் கதவு. குழந்தையை முன்னால் விட்டுப் பேசும் வழக்கமும் இல்லை, அம்மாவும் இல்லை. அக்கா அந்தத் தோட்டைக் கடைசிவரை கழற்றவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அன்று நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். யாரோ ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டியவளுக்கு, சொந்த அக்காவிடம் மட்டும் வாய் வரவில்லை. போன மாதம் அவளும் போய்விட்டாள்.