எல்லாரும் வந்தீங்களா?

புவனா வேலை பார்க்கும் பள்ளியில் டீச்சர் பதில் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது குற்றம் மாதிரி. கொரியாவிலிருந்து வந்த பிள்ளை, பூட்டான் பிள்ளை, கோயம்புத்தூர் மில்காரர் பிள்ளை, கொடைக்கானல் பஜாரில் கம்பளிக்கடை வைத்திருப்பவரின் பிள்ளை எல்லாம் ஒரே விரிப்பில் உட்காரும். பிள்ளைகள்தான் கேள்வி கேட்க வேண்டும், பதிலையும் அவர்களே தேட வேண்டும். டீச்சர் கூடவே நடக்கலாம், அவ்வளவுதான். இன்கொயரி என்று அதற்குப் பேர்.

அதற்கு முன்னால் மலைக்குக் கீழே ஒரு மெட்ரிக் பள்ளியில் 'கையக் கட்டு, வாயப் பொத்து' என்றே காலம் தள்ளியவள் அவள். வந்த புதிதில் நாக்கு அரிக்கும். மேகத்துக்கு எடை உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டால் தெரிந்த பதிலை முழுங்கிக்கொண்டு, "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்பாள். போகப்போக அதில் ருசி கண்டுவிட்டாள். தலைமை ஆசிரியை ஷர்மிளா மேடம் புது டீச்சர்களை இவள் வகுப்பைப் பார்த்துவிட்டு வரச் சொல்லும் அளவுக்குத் தேறியும்விட்டாள்.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு 'நாம் எங்கிருந்து வந்தோம்' என்பது தலைப்பு. வேறு தேசத்திலிருந்து வந்து கொடைக்கானலில் குடியேறிய ஒருவரைக் கூப்பிட்டுப் பேட்டி எடுப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். புவனாவுக்குத் தன் அம்மா ஞாபகம்தான் வந்தது. சிவபாக்கியம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவள். புருஷன் சின்னச்சாமியோடு இந்த மலையில் மரம் வெட்டி, பட்டை உரித்து, ஒரே மகளை டீச்சராக்கியவள். சின்னச்சாமி இப்போது இல்லை. அம்மாவும் மகளும் செண்பகனூரில் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"எனக்கு என்ன தெரியும்னு கூப்புடுற?" என்றாள் சிவபாக்கியம்.

"கப்பல்ல வந்தத சொல்லும்மா, போதும்."

சிவபாக்கியம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். தோட்டத்து லயம் என்ற வரிசை வீடுகள், அடுத்த வீட்டு இருமல்கூடக் கேட்கும் ஒற்றை அறைக் காம்பரா, தலைமன்னார் ரயில், கப்பல், மண்டபம் முகாம். புவனாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவள் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளிக்கடைக்காரர் மகள் ஜஹனாரா கையைத் தூக்கினாள். "எல்லாரும் வந்தீங்களா?"

"என்ன பாப்பா?"

"உங்க வீட்ல எல்லாரும் கப்பல்ல வந்தாங்களா, இல்ல யாராச்சும் அங்கயே இருந்துட்டாங்களா?"

சிவபாக்கியம் அந்தப் பிள்ளையையே பார்த்தாள். பிறகு, "எல்லாரும் வரல சாமி. எம் மூத்த புள்ள வரல" என்றாள்.

அம்மா வாய் தவறிச் சொல்கிறாள் என்று புவனா நினைத்தாள். "அம்மா, அங்கயே தங்கிட்ட அத்தையத்தான சொல்ற?"

சிவபாக்கியம் அவள் பக்கம் திரும்பவில்லை. "மூணு வயசு. கப்பலேற நாள் குறிச்சாச்சு, புள்ளைக்கு அம்மை போட்டிருச்சு. புள்ளயில்லாத எங்க நாத்தனாருக்கு அந்த நாட்டுலயே இருக்க உத்தரவு. 'நீங்க போங்க, அம்மை எறங்குனதும் வர்றவங்களோட அனுப்பி விடுறேன்'னா. விட்டுட்டு வந்தோம். ரெண்டு மாசம்கூட ஆகல, எம்பத்தி மூணு கலவரத்துல அந்த லயமே எரிஞ்சு போச்சுன்னு அங்கிருந்து வந்தவுக சொன்னாங்க."

"அவங்க பேரு என்ன?"

"புவனா."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பித் தங்கள் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிரே கரும்பலகையில் அவளே எழுதிய எழுத்து அவளுக்கு வாசிக்க வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஒன்றாகத் திரும்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் புவனா வெடித்தாள்.

"கலவரத்துக்கு அடுத்த வருசம் நான் பொறந்தேன். செத்த புள்ள பேர எடுத்து எனக்கு மாட்டி விட்டுட்டீங்க. ஒரு வார்த்த சொன்னியாம்மா?"

"ஒங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு. அந்தப் பேச்ச எடுத்தா அவரு சோறே திங்க மாட்டாரு."

"பின்ன இன்னைக்கு மட்டும் ஏன் சொன்ன?"

"அந்தப் புள்ள கேட்டுச்சே. இத்தன வருசத்துல யாரு கேட்டா?"

மறுநாள் காலையில் வகுப்பின் கேள்விப் பலகையில் புதிதாக ஒரு துண்டுத்தாள்: 'பெரிய புவனா உண்மையிலேயே இறந்துட்டாங்களா?' புவனா அதைக் கிழித்துக் கைக்குள் கசக்கினாள். பிள்ளையின் கேள்வியை அவள் மறைத்தது அந்தப் பள்ளியில் அதுதான் முதல் தடவை. கேள்வியைக் காணோம் என்று வகுப்பு முழுக்கத் தேடியது. அவள் ஷர்மிளா மேடத்திடம் போய் நின்றாள்.

"இது உங்க வீட்டு விஷயம் புவனா. வேணாம்னா பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"வேணாம்னு சொல்ல வரல மேடம். செத்துட்டாங்கன்னு யாருமே கண்ணால பாக்கல. யாரோ சொன்னதுதான்."

ஷர்மிளாவுக்கு இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு டீச்சர் பழக்கம். தோட்டத்துப் பேரும் அத்தை பேரும் அவருக்குப் போயின. அவர் ஒரு தோட்டத்தில் விசாரித்து, அவர்கள் கைகாட்டிய இன்னொரு தோட்டத்துக்கும் போய் வந்தார். எரிந்தது பக்கத்து லயமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புவனாவின் போன் திரையில் ஒரு பெண் வந்தாள். சின்னச்சாமியின் அதே நெற்றி. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"நீங்க உசுரோடயா இருக்கீங்க?"

சிவபாக்கியம் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மாவும் அப்பாவும் கப்பல்லயே செத்துப்போயிட்டாங்கன்னு அத்த சொன்னாங்க. வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு ஒங்களுக்குப் படையல் போடுறேனே. போன அமாவாசைக்கும் போட்டேனே!"

உயிரோடு இருக்கும் அம்மா, தனக்கு விழுந்த படையலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன வச்சுப் படைச்ச தாயி?" என்றாள்.

"ரொட்டியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். ஒங்களுக்கு அதுதான் புடிக்கும்னு அத்த சொல்லுவாங்க."

"மாசி எனக்கு ஆகாதுடி. அது ஒங்கப்பனுக்குப் புடிச்சது" என்று சொன்ன சிவபாக்கியத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்தப் பக்கமும் உடைந்தது.

"பின்னால நிக்கிறது யாரு?"

"ஒந் தங்கச்சி."

"பேரு?"

அம்மா சொல்லவில்லை. புவனாதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

"எம் பேரையா?" என்றாள் மூத்தவள். அதில் கோபம் இருந்ததா என்று புவனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை அணைந்துவிட்டது.

அதற்குப் பிறகு சில வாரம் அந்தப் பக்கத்திலிருந்து போனே இல்லை. சிவபாக்கியம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கீரை ஆய்ந்தாள், தூங்கினாள். ஒரு நாள் வெள்ளனே அது அடித்தது. அடுப்படியிலிருந்து ஓடி வந்து எடுத்தவள் புவனா.

"நான்தான்" என்றது அந்தப் பக்கம். "பாஸ்போட்டுக்கு என்னென்ன வேணும்னு கேட்டுச் சொல்லு. அம்மாவ நான் நேருல பாக்கணும்."

"சரிக்கா" என்றாள் புவனா.