எலுமிச்சம்பழம்கூட நுழையாத பெட்டி

எங்கள் லூக்கே ஊரில் நாய்களுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பவர்கள் யாழ் வாசிக்கிறவர்கள். ஆனால் ஆளுயர யாழ் ஒன்றை விமானத்தில் ஏற்றி, கடல் தாண்டி, கீறல் படாமல் இறக்கும்படி பெட்டி செய்யத் தெரிந்தவன் ஒருவன்தான். செஃபெரினோ ஒஹேதா. அதாவது நான். மூன்றாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். அப்புறம் பஸ்ஸுக்கு ஒட்டுப்போட்டேன், ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி வார்த்தேன், பணக்காரர் வீட்டு நீச்சல்குளம் வார்த்தேன். என் தொட்டி ஒழுகியது என்று இதுவரை ஒருவன்தான் சொன்னான். அவன் குழாயை மூட மறந்தவன்.

ஆனால் இங்கே சொல்ல வந்தது எதிர்வீட்டு நிமியா கபாஞாஸைப் பற்றி. கறி சுடும் ஓட்டலில் முப்பது வருஷமாக யாழ் வாசிக்கிறவள். ஒரு பக்கம் விலா எலும்பு புகையும், மறு பக்கம் இவள் வாசிப்பாள், நடுவில் ஊரே மெல்லும். எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “சந்தோஷமா ஒண்ணு வாசிங்க ஞா நிமியா” என்பார்கள். ‘ஞா’ என்றால் எங்கள் ஊரில் ‘அம்மா’ என்கிற மாதிரி மரியாதை. வாசிப்பாள். உடனே இன்னொருவன், “அதையே மறுபடியும்” என்பான். அதையும் வாசிப்பாள். ‘முடியாது’ என்கிற சொல் அவள் வாயில் முளைக்கவே இல்லை. அவள் இஸ்திரிப்பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அவள்தான் ஞானத்தாய். மீதிப் பாதி இன்னும் பிறக்கவில்லை.

ஒரு நாள் ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாசித்ததைக் கேட்டார். அந்த ஓட்டலில் அப்படி நடந்ததே இல்லை. சமையல்காரன் கறி வேகவில்லையோ என்று ஓடி வந்தான். அவர் போய் சில மாதங்களில் மாலகா நகரத்து அரங்கு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசியில் அவர் சொன்னதை நிமியா எங்களிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்.

“‘இங்க சாப்பாடு கிடையாது, வெறும் நாற்காலிதான்’னாரு. ‘சாப்பாடு இல்லாம எதுக்குங்க வருவாங்க?’ன்னேன். ‘கேக்க’ன்னாரு.”

சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

“செஃபெரினோ அண்ணே, ஒரே ஒரு தடவை யாரும் மெல்லாம இருக்கும்போது நான் வாசிக்கணும். முள்கரண்டிச் சத்தம் இல்லாம என் யாழ் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. அது உடைஞ்சா நான் போயும் பிரயோஜனமில்ல. வேற யாழ்ல என் விரல் ஓடாது.”

அந்த நிமிஷமே அளவுநாடாவை எடுத்தேன். யாழ் என்பது கோணலான ஜந்து. தலை கனம், மேலே வரிசையாக ஆணிகள், அடியில் வீங்கிய வயிறு. முதுகில் கை நுழையும் ஓட்டைகள் உண்டு, அதற்குள் கையை விட்டுத்தான் கம்பிகளுக்கு முடிச்சுப் போடுவார்கள். அந்த வளைவுக்கு வளைவு, உடம்பில் ஒட்டிய சட்டைபோல ஒரு ஃபைபர் பெட்டி வார்த்தேன். உள்ளே பஞ்சுமெத்தை. என் மச்சான் வில்ஃப்ரிதோ, கசாப்புக்காரன், அவன் வெட்டும் மாடே அவன் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்படும். அவனை மூடிமேல் ஏறிக் குதிக்கச் சொன்னேன். குதித்தான். பெட்டி முனகவில்லை, அவன்தான் முனகினான். தெருவே கைதட்டும் என்று திரும்பிப் பார்த்தேன்.

தெரு முகத்தைச் சுளித்தது.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா எடம் எங்க?” என்றான் மச்சான்.

“யாழுக்கு இருக்கே.”

“யாழுக்கு இருக்கு. சீஸுக்கு?”

எங்கள் தெருப் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் மாலகாவில்தான் கிழவர்களைக் குளிப்பாட்டிப் பிழைக்கிறார்கள். என் மகள் லிதுவீனாவும் அங்கேதான். இங்கிருந்து யார் விமானம் ஏறினாலும் அவர்கள் தெருவுக்கே கழுதை. சீபா ரொட்டி, பாலாடைக்கட்டி, யெர்பா இலை என்று ஏற்றிவிடுவார்கள். யாழ் முக்கோணம். அதை நீளச் சதுரப் பெட்டியில் படுக்கவைத்தால் பாதிப் பெட்டி காலி. அந்தக் காலியிடத்தின்மேல்தான் எல்லோருக்கும் கண். ஆகவே தெருவே கூடி, பலகையில் ஒரு பெரிய பெட்டி அடித்துக் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்தது. அதற்குள் தாராளமாக மச்சானே படுக்கலாம்.

“ஞா நிமியா, எம் பொண்ணுக்கு ஒரு சின்னப் பொட்டலம்...”

“தாங்க.”

“எங்க வீட்டு இரும்புச் சட்டி, அவ அதுலதான் சமைப்பா...”

“அதுக்கென்ன, தாங்க.”

நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, யெர்பா இலையை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்துத் தெரெரே குடித்தேன். வெயிலுக்கு ஐஸ் போதவில்லை, கோபத்துக்கும் போதவில்லை.

கிளம்பும் நாளில் பலகைப் பெட்டியை மூட மச்சான் மேலே உட்கார வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் எடை மேடையில் வைத்ததும் அங்கே எடை பார்க்கும் பெண் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“ஞா, இது ரொம்ப ரொம்ப அதிகம். ஏதாவது எடுத்தாதான் ஏத்த முடியும்.”

எங்கள் ஆட்கள் தரையிலேயே பெட்டியைத் திறந்தார்கள். யாருடையதை எடுப்பது என்று சண்டை. “உன் சட்டிய எடுடா.” “உன் சீஸ எடு, இப்பவே நாறுது.” “என் பொண்ணு ரெண்டு வருஷமா சீபா திங்கல!” கடைசியில் ஒரு குரல் மிக நிதானமாகச் சொன்னது:

“இதுல கனமா இருக்கறது யாழ்தான். அத எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும். ஸ்பெயின்ல யாழ் இருக்காதா என்ன?”

சொன்னவன் என் மச்சான். கூட்டம் அதை யோசித்துப் பார்த்தது என்பதுதான் கொடுமை. நிமியா வாயைத் திறந்து திறந்து மூடினாள். அந்தச் சொல் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

என் பெட்டி தற்செயலாக என் வண்டியில் இருந்தது. தற்செயல் என்றால், விடியற்காலையில் நான்தான் ஏற்றி வைத்திருந்தேன். தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். “இதுல ஒரு எலுமிச்சம்பழம்கூட நுழையாது. யாருக்காவது சந்தேகம்னா பழத்தோட வாங்க!”

நிமியா அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டாள். “பாருங்க, எடமே இல்ல. நான் என்ன பண்ணட்டும், அண்ணன் பெட்டி அப்படி.” பழியை என் பெட்டி சுமந்தது. சுமக்கட்டும், அதற்குத்தானே வார்த்தேன்.

யாழை மாற்றும்போது என் மனைவி போர்ஃபிரியா, “கீறல் விழாம நான் துணி சுத்தித் தரேன்” என்று முன்னால் வந்தாள். யாழின் முதுகுப் பக்கம் வெகுநேரம் குனிந்து நின்றாள். என்ன அக்கறை என்று மெச்சினேன். எடை மட்டும் என் பட்டறைத் தராசில் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடக் காட்டியது. விமான நிலையத்துத் தராசு பொய் சொல்கிறது என்று நினைத்தேன்.

மாலகாவில் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு கீறல் இல்லை. இருக்காது. ஆனால் மேடைக்குப் பின்னால் நிமியா கம்பியைத் தட்டியபோது, போர்வைக்குள் படுத்து யாரோ இருமுகிற மாதிரி சத்தம் வந்தது. மீட்டிப் பார்த்தாள், முறுக்கிப் பார்த்தாள். அதே இருமல். வெளியே அரங்கு நிறைந்து உட்கார்ந்திருக்கிறது. யாழ் வானத்தில் செத்துப்போய்விட்டது என்று நினைத்து அவள் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் யாழின் முதுகு முகத்துக்கு நேரே வந்தது. வாசனை அடித்தது.

ஓட்டைக்குள் கையை விட்டாள். ஒரு கம்பளிக் காலுறை வந்தது. அதன் ஜோடி வந்தது. யெர்பா பொட்டலம் வந்தது. கடைசியாகத் துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி, பூனைக்குட்டி பிறக்கிற மாதிரி மெதுவாக வந்தது. பக்கத்தில் நின்ற என் மகள் கத்தினாள்:

“அய்யோ, இது எங்கம்மா சீஸ்!”

“பிடி.”

“அத்தை, எங்கிட்ட பை இல்லியே. நீங்க வாசிச்சு முடிக்கிற வரைக்கும் உள்ளயே இருக்கட்டுமே?”

நிமியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “முடியாது” என்றாள்.

பாலாடைக்கட்டியை மடியில் கட்டிக்கொண்டு என் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாளாம். முதல் பாட்டு முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள் என்று நிமியா பயந்து தலையைத் தூக்கினாள். அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருவர் வாயும் அசையவில்லை. அப்புறம்தான் கைதட்டினார்கள்.

திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னாள்: “அண்ணே, மூணாவது கம்பி லேசா குறட்டை விடுது. இத்தன வருஷமா எனக்குத் தெரியவே இல்ல.”

“என் பெட்டியாலயா?”

“சேச்சே, அது பொறந்ததுலேர்ந்தே இருக்கும்.”

இப்போதும் அதே ஓட்டலில்தான் வாசிக்கிறாள். ஆனால் முதல் பாட்டு முடிகிறவரை ஒரு தட்டும் மேசைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஊர் எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. இப்போது நான் வார்க்கும் ஒவ்வொரு பெட்டியோடும் யாழின் முதுகு ஓட்டைகளுக்கு ஒரு மூடியும் பூட்டும் தருகிறேன். உலகத்தில் வேறு யாரும் தருவதாகக் கேள்விப்படவில்லை. போர்ஃபிரியாவிடம் முதல் பூட்டைக் காட்டி, “இது உனக்காகவே கண்டுபிடிச்சது” என்றேன்.

“யோவ், அந்தச் சீஸ் நசுங்காம போய்ச் சேந்துச்சா இல்லியா?”

“சேந்துச்சு.”

“அதையும் உன் பெருமையில சேத்துக்கோ.”

சேர்த்துக்கொண்டேன்.