பட்டு ஒத்துக்காத உடம்பு

என் எழுதுமேசை மேல் ஒரு பழைய மாத்திரை டப்பி இருக்கிறது. அதற்குள் கடுகளவில் ஒரு கறுப்பு உருண்டை. என்னவென்று கேட்பவர்களிடம் இதுவரை விதவிதமாகப் பொய் சொல்லியிருக்கிறேன். உண்மை வெட்கக்கேடானது. ஆரணியில், தறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குப் பட்டு எது, பாலியஸ்டர் எது என்று தெரியாது. மீனவக் குப்பத்தில் பிறந்துவிட்டு நெத்திலியைச் சுறா என்று வாங்கி வந்தவனை எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படியே என்னையும் பார்க்கலாம்.

அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவாள். குறுக்கே ஓட வேண்டிய நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தருகிற வேலை அது. அம்மா என்றதும் எனக்கு அவள் முகத்துக்கு முன்னால் இடது கை விரல்கள்தான் நினைவுக்கு வரும். வலது கை ராட்டையைச் சுற்ற, இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூல் ஓடும். அவள் நூலைப் பார்க்கவே மாட்டாள். தெருவில் போகிற வருகிறவர்களை நிறுத்தி வம்பளந்துகொண்டே இருப்பாள். திடீரென்று சக்கரம் நிற்கும். பார்த்தால் நூலில் ஒரு பிசிறு இருக்கும். "கண்ணு பொய் சொல்லும் நைனா, வெரலு சொல்லாது" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நூலகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த என் விரல்களுக்குப் பக்கம் புரட்டத்தான் தெரிந்தது. அவள் கட்டியதெல்லாம் வாயில் என்கிற மெல்லிய பருத்திப் புடவை. இருந்த ஒரே கல்யாணப் பட்டையும் அக்காவின் கல்யாணத்தில் அக்காவுக்கே கொடுத்துவிட்டாள். அப்பா போன பிறகும் பக்கத்துத் தறிகளுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என் நகைச்சுவைக் கட்டுரைகள் புத்தகமாக வந்தபோது, ஊரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். எங்கள் தெருவிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் சென்னையில் பெரிய மனிதனாகிவிட்ட மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்தால்தானே மரியாதை? குளுகுளு கடை, தங்க எழுத்துப் பெட்டி. மயில்கழுத்துப் பச்சை. "எங்க அம்மாவுக்கு இந்தக் கலர்னா உயிர்" என்று விற்பனைப் பெண்ணிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது. கடைக்காரர்கள் ஏமாற்றவில்லை. செயற்கை இழை என்று சீட்டில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். அடுத்தவர் புத்தகத்தில் ஒற்றுப்பிழை கண்டுபிடித்து ஆசிரியருக்குக் கடிதம் போடுகிற நான் அதைப் படிக்கவில்லை.

பெட்டியைத் திறந்த அம்மா முந்தானையை இரண்டு விரலால் பிடித்தாள். ராட்டை நிற்பது போல அவள் முகம் ஒரு கணம் நின்றது. பாசத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "நல்லாக்கீதுடா" என்றாள். விழாவில் அந்தப் புடவையோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள், சுற்றிலும் எங்கள் தெருப் பெண்கள். வாழ்நாளெல்லாம் பட்டோடு கிடந்தவளுக்குக் கடைசியில் பட்டுடுத்திப் பார்த்த மகன் நான் என்று மேடையில் குரல் தழுதழுக்கப் பேசினேன். மண்டபமே கைதட்டியது. முன்வரிசைப் பெண்கள் மட்டும் ஒவ்வொருவராக அம்மாவின் முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். பொறாமை என்று நினைத்தேன்.

அது சித்திரை வெயில் காலம். விழா முடிவதற்குள் அம்மாவின் கழுத்திலும் இடுப்பிலும் வேர்க்குரு பூத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், எந்த விசேஷமானாலும், அதே புடவை, அதே சொறிதல். எனக்கு ஒரு கட்டுரை கிடைத்தது. இந்தக் கட்டுரையின் தலைப்புதான் அதற்கும். ஏழை உடம்புக்குச் சுகம் ஒத்துக்கொள்ளாது என்பதை அதில் இரண்டு பக்கம் விளக்கியிருந்தேன். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா படித்துக் காட்டியபோது அம்மாவும் சிரித்தாளாம். "ஆமா, எனக்கு எங்க ஒத்துக்கப் போவுது?"

அம்மா போன பதினாறாம் நாள், அவள் புடவைகளைப் பங்கு வைத்தோம். நைந்த வாயில் புடவைகளுக்குப் போட்டி நடந்தது. பச்சைப் புடவையை அக்காவிடம் நீட்டினேன், நகர்த்திவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் நீட்டினேன். "எனக்கு எதுக்குப்பா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மாகிட்ட மிஞ்சியிருந்த ஒரே பட்டு. ஒருத்தருக்கும் வேணாமா? அவ்ளோ வயித்தெரிச்சலா?"

"வயித்தெரிச்சலா?" அத்தை எழுந்தாள். "உங்கம்மா சத்தியம் வாங்கிகினா. அதான் இத்தினி நாளா வாயத் தொறக்கல." முந்தானையிலிருந்து ஒரு இழையை உருவி, அம்மா படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கில் காட்டினாள். பட்டென்றால் முடி பொசுங்குகிற வாடை வரும், தொட்டால் சாம்பலாக உதிரும். எங்கள் தெருவில் இது தவழுகிற குழந்தைக்கும் தெரியும். இந்த இழை சுருங்கியது, உருகியது, கறுப்பாக உருண்டு நின்றது. அறையெல்லாம் பிளாஸ்டிக் வாடை.

"'புள்ள மேடையில அவ்ளோ சந்தோஷமா பேசிகினுகீறான், எவளாவது சொன்னீங்க, செத்தாலும் மூஞ்சில முழிக்க மாட்டேன்'னா."

"கட்டாம இருந்திருக்கலாமே அத்தை?"

"நீதானே வரும்போதெல்லாம் எங்க அந்தப் பொடவைன்னு கேட்டுகினு இருந்தே?"

ஆறு வருடம். ஒரு தெரு முழுக்க என் முட்டாள்தனத்தைப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறது. நான் பதிலுக்கு அவளுடைய வேர்க்குருவை அச்சேற்றி ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவளுக்குச் சேலை துரோகம் செய்யவில்லை, வெயில்கூடச் செய்யவில்லை. அந்த உருண்டையைக் கிள்ளி எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன மாதம் முதல் வருடப் படையல். அம்மா படத்துக்கு முன்னால் வைக்கும் புடவையை இந்த முறை எங்கள் தெருவிலேயே, நெய்தவர் கையிலிருந்தே வாங்கினேன். தப்பை அப்படியே திருத்த வேண்டும் என்று அதே மயில்கழுத்துப் பச்சை. நானே ஒரு இழையை உருவி அக்காவிடம் கொடுத்தேன். விளக்கில் காட்டினாள். முடி பொசுங்கும் வாடை வந்தது. விரலால் நசுக்கினாள், உதிர்ந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பட்டுதான்டா" என்றாள் அக்கா, சாம்பலை ஊதிவிட்டு. "ஆனா மறுபடியும் ஏன் பச்சையே எடுத்தே? அம்மாவுக்குப் பச்சைன்னாலே ஆவாதே."