தீர்த்தம் பட்ட ட்ரோன்

டெல்பின் டீச்சர் ஒரு மிக்ஸி வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே வந்து, முதலில் பார்த்ததையே வாங்குவார். கே.கே. நகரில் அவர் தெருவில் யார் வீட்டில் என்ன வாங்குவதென்றாலும் "டீச்சரைக் கேட்டுக்கோங்க" என்பார்கள். அவரும் அலுக்காமல் கூடவே போய், பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது எது என்று கேட்டால் மட்டும் முழிப்பார். அவர் சொல்லிக்கொடுப்பது கணக்குப் பாடம். ஆனாலும் அந்தக் கணக்கை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

ட்ரோன் ஆசை அவருக்கு விமானத்தில் வந்தது. மகன் ஜெஸ்வின் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது டீச்சருக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு வந்த பெண், "ஆன்ட்டி, ஜன்னல் பக்கம்னா பாப்பா அழாது" என்றாள். கேட்ட மாத்திரத்தில் டீச்சர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். விமானம் ஏறித் திரும்பியபோது, குழந்தையின் தலைக்கு மேல் கிடைத்த இத்தனூண்டு இடுக்கில் காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் மறுபக்கமும் ஓட, நடுவில் ஸ்ரீரங்கம் முழுசாகத் தெரிந்தது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் பாலம் தாண்டிப் போகிற ஊர். அதுவா இது என்று வாய் பிளப்பதற்குள் பாப்பா நிமிர்ந்துவிட்டது. அப்புறம் வெறும் மேகம்தான். மஸ்கட்டில் மகன் எங்கெங்கோ கூட்டிப்போய்க் காட்டினான். டீச்சரின் மனசு அந்த இடுக்கிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் ட்ரோன் வாங்குவதென்று முடிவு செய்தார். ஆனால் ஐம்பத்தாறு வயதில் ஒரு பொம்பளை, மேலேயிருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஊரில் சொல்ல முடியுமா? ஆளுக்கொரு காரணம் சொல்லிவைத்தார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த கணவர் சகாயநாதனிடம், "கோயில் திருவிழாவுல தேர் பவனியை மேலேருந்து படம் எடுக்கலாம்ங்க" என்றார். கூட வேலை பார்க்கும் வேணியிடம் பள்ளி ஆண்டு விழாவைப் படம் எடுக்கலாம் என்றார். வந்தது வினை. சகாயநாதன் தன் தம்பி மகள் கல்யாணத்துக்கு, "எங்க டீச்சர் மேலேருந்து எடுத்துடுவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இன்னும் வாங்காத ட்ரோனுக்கு அடுத்த தை வரைக்கும் வேலை இருந்தது.

தில்லை நகரில் ட்ரோன் விற்கிற வசீமின் கடை. வசீம் முதலில் ஒரு சின்ன ட்ரோனை எடுத்து வைத்தான். சிவப்பு விளக்கெல்லாம் எரிந்தது. பெட்டி மேலே '4K' என்று பெரிய எழுத்து.

"காத்தடிச்சா நிக்குமாப்பா?"

"வீட்டு ஹாலுக்குள்ள சூப்பரா நிக்கும் மேடம்."

"எங்க ஹாலை நான் மேலேருந்து பாத்து என்ன பண்ணப்போறேன்?"

அடுத்து எடுத்து வைத்தது பெரியது. அதைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுவதற்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றதும் டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவதாக வந்ததுதான் அவர் ஏற்கெனவே இராப்பகலாக வீடியோ பார்த்து மனசுக்குள் முடித்துவைத்திருந்த ட்ரோன். இருநூற்றைம்பது கிராமுக்குள் அடங்கியது, அதனால் ஓட்டச் சான்றிதழ் வேண்டாம். காற்றில் தள்ளாமல் ஒரே இடத்தில் நிற்கும். உடம்பு ஆடினாலும் கேமரா ஆடாது. சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி வரும். டீச்சர் கைப்பையிலிருந்து சமையலறைத் தராசை எடுத்து மேஜை மேல் வைத்து, ட்ரோனை பேட்டரியோடு தூக்கி அதில் வைத்தார். எடை சரியாகத்தான் இருந்தது. வசீம் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"எங்க மேடம் பறக்கவிடப் போறீங்க?"

"எங்க மொட்டை மாடியிலதான். கே.கே. நகர்."

வசீம் போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினான். கே.கே. நகர் மொத்தமும் சிவப்பாக இருந்தது. "ஏர்போர்ட் பக்கத்துல இருக்கு மேடம். அனுமதி இல்லாம முடியாது. ஸ்ரீரங்கம் கோயில் பக்கமும் அந்த நெனப்பே வேணாம்."

டீச்சருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிராம் கணக்கு வரைக்கும் பார்த்தவர், வீட்டுக்கு மேலே தினமும் இறங்குகிற விமானத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார். ஸ்ரீரங்கம் கைவிட்டுப் போனாலும், காவிரி எங்கேயும் காவிரிதானே? வேணியின் புகுந்த வீடு முசிறியில், ஆற்றை ஒட்டிய வாழைத்தோப்பு. வரைபடத்தில் அந்த இடம் பச்சை. "பில் போடுப்பா" என்றார் டீச்சர். ஒரே கடையில் அவர் வாங்கி முடித்த முதல் பொருள் அதுதான்.

அதோடு நேரே முசிறிக்கு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் டீச்சர் வீட்டில் வண்டி என்று எது வந்தாலும் ஃபாதரிடம் கொடுத்து மந்திரிக்காமல் எடுக்கிற வழக்கம் இல்லை. சைக்கிளைக் கூட மந்திரித்திருக்கிறார்கள். "வானத்துல போறது. இதுக்குத்தான் முக்கியமா மந்திரிக்கணும்" என்று சகாயநாதன் ஒற்றைக் காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு புது ஸ்கூட்டர், ஒரு பழைய கார், ஸ்டூல் மேல் ட்ரோன் என்று வரிசையாக நின்றன.

"ஸ்தோத்திரம் ஃபாதர். இது கொஞ்சம் நாசூக்கான பொருள். ஒரு சொட்டு போதும்" என்றார் டீச்சர்.

"அதுக்கென்ன டீச்சர்" என்று ஜேக்கப் ஃபாதர் செபத்தைத் தொடங்கினார். நல்ல மனுஷர், தாராளமான கை. ஸ்கூட்டருக்கு எப்படித் தெளித்தாரோ அப்படியே ட்ரோனுக்கும் தெளித்தார். தீர்த்தம் இறக்கைகளில் வழிந்து, பக்கவாட்டுத் துளைகளுக்குள் இறங்கியது. டீச்சர் ஓடிப்போய் முந்தானையால் ஒற்றினார். சகாயநாதன் பக்தியோடு, "ஆமென்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர், ஈரத்தை இழுக்கட்டும் என்று அதைத் தூக்கி அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினார். விஷயத்தை போனில் கேட்ட வசீம் அலறினான். "அரிசியிலயா? ஐயோ, மோட்டார்ல தூசி போயிடும் மேடம்! வெளிய எடுங்க. ஃபேன் காத்துல காயவிடுங்க. நல்லா காயற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க." காய்ந்த பிறகு ஆன் செய்தால் விளக்கு எரிந்தது. ஆனால் பறக்குமா என்று பார்க்க வழியில்லை. சிவப்பு இடத்தில் மோட்டார் கிளம்பாதபடி போனிலிருந்த ஆப்பே பூட்டுப் போட்டிருந்தது. அந்த வாரம் முழுக்க டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் தனக்காக ஒன்று வாங்கி, அதையும் நனைத்துவிட்டோமே என்று அடுப்படியில் நின்று அழுதார். சகாயநாதனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஃபாதரைக் குறை சொல்ல முடியாது, தன்னைச் சொல்லிக்கொள்ளவும் மனசு வரவில்லை. கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்காமல் இருந்தார்.

லீவு நாள் வந்ததும் இருவரும் முசிறிக்குக் கிளம்பினார்கள். வேணியின் மாமியார் ராசாத்தி தோப்பின் ஓரத்தில் சாக்கு விரித்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார். டீச்சர் ட்ரோனை விரித்து வைத்துவிட்டு, ரிமோட்டில் விசையைத் தள்ளினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விர்ரென்று சத்தம் கேட்டது. வாழை இலைகள் படபடக்க, அது நேராக மேலே போய் அசையாமல் நின்றது. சகாயநாதன் வானத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது எதுக்கு டீச்சர்? தோப்புக்கு மருந்தடிக்கிறதா?" என்று கேட்டார் ராசாத்தி. அந்தப் பக்கம் வந்துபோகிற ட்ரோன்கள் எல்லாம் மருந்தடிக்கிறவை.

தேர் பவனி, ஆண்டு விழா, கல்யாணம் எல்லாம் டீச்சரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. கண் ரிமோட்டில் மாட்டியிருந்த போன் திரையில் இருந்தது. காவிரி மணல் திட்டைச் சுற்றிப் பிரிந்து, அவசரமில்லாமல் மறுபடி சேர்ந்துகொண்டிருந்தது. கரை நெடுக வாழை, அதைத் தாண்டி நெல், அப்பால் பஸ் போகிற ரோடு. முன்னால் யார் தலையும் இல்லை.

"ஒண்ணுக்கும் இல்லைம்மா. சும்மா பாக்கத்தான். எனக்கு ஆசையா இருந்துச்சு, வாங்கிட்டேன்."

சொன்ன பிறகுதான் கணவர் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"எங்க தோப்பா இது? இம்மாம் பெருசா?" என்றவர், சாக்கில் உட்கார்ந்தே விட்டார். "அந்தக் கோடியில தண்ணி பாயல பாருங்க. சரி விடுங்க, அதை அப்புறம் பாத்துக்கலாம். ஆத்துப் பக்கம் திருப்புங்க."

டீச்சர் ஆற்றுப் பக்கம் திருப்பினார். தண்ணீர் மேல் கொக்கு ஒன்று தன் நிழலோடு போனது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த கண்ணீர்தான், துடைக்கக் கை ஒழியவில்லை.

கொஞ்ச நேரம் கணவரும் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டினார். "கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி தம்பிகிட்ட சொல்லிடறேன். இப்ப இதைக் கொஞ்சம் இப்படிக் குடேன். நானும் சும்மா பாக்குறேன்."

கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்தே பழகிய டெல்பின் டீச்சர், ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."