ஏழாம் நம்பர் அட்டை

அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு முதலில் மூக்கில் ஏறியது வெள்ளிப் பெயிண்ட் வாசனைதான். வெளியே மலையாளத்தார் "எடவப்பாதி" என்கிற பருவமழை ஓயாமல் பெய்துகொண்டிருக்க, முன்னறையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் இரண்டு சக்கர நாற்காலிகளையும் ஒரு வாக்கரையும் நிறுத்தி, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெயிண்ட் அடிப்பார். ஈரக்காற்றில் அது காயவே காயாது. சோற்றில்கூட டர்பன்டைன் மணக்கிறது என்று அம்மா புலம்புவாள்.

அப்பாவுக்கு, இந்த மலையாள நகரத்தில் சாலை என்று பெயர்பெற்ற கடைத்தெருவில் இரும்புக் கடை. அந்தத் தெருவின் தமிழ் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய சேவைச் சங்கத்துக்கு, நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம் அவர்தான் தலைவர். வீட்டில் நாங்கள் அதைக் "கிளப்பு" என்போம். கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று வழக்கமான சேவைகள் உண்டு. ஆனால் கிளப்புக்கு உண்மையில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது, அரங்கத்தின் பின்னறையில் இருந்த ஒரு பெரிய அலமாரிதான். சக்கர நாற்காலி, வாக்கர், தண்ணீர்ப் படுக்கை, கக்கத்துக் கட்டை, ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் அதில் இருந்தன. யார் வீட்டில் யார் படுத்துவிட்டாலும் தலைவரிடம் வந்து கேட்டால் போதும், இலவசமாகக் கொண்டுபோகலாம். ஜாதி, மதம், மொழி எதுவும் கேட்கமாட்டார்கள். இதை நான் இன்றைக்கும் பெருமையாகவே சொல்வேன்.

அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு கிறுக்குத்தனமும் இருந்தது. ஒவ்வொரு ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் தலைவர் மாறுவார். பழைய தலைவர் பித்தளைப் பதக்க மாலையைக் கழற்றிப் புதியவர் கழுத்தில் போடுவார், மரச் சுத்தியலையும் மணியையும் கையில் கொடுப்பார். அதோடு நிற்காமல், கிளப்பின் உடைமைகள் அத்தனையையும் மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேஜைகளில் அடுக்கி, நம்பர் அட்டை கட்டி, ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்து ஒப்படைக்க வேண்டும். அதற்காக, நோயாளிகளின் வீடுகளில் இருக்கும் பொருள்களையெல்லாம் முந்தின நாளுக்குள்ளேயே திரும்ப வாங்கிவிடுவார்கள். விழா முடிந்த மறுநாள் காலை, புதிய தலைவரின் "முதல் சேவை" என்று சொல்லி, அதே பொருள்களை அதே ஆட்களுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்கள். இதை யாரும் தவறாக நினைத்ததில்லை. அம்மா மட்டும் "என்ன, கொலு வைக்கப் போறீங்களா?" என்று கேலி செய்வாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

அப்பாவின் பயம் வேறு. முந்தின வருஷம் பதவி இறங்கிய பலசரக்குக் கடைக்காரர் ஒரு வாக்கரைத் திரும்ப வாங்க முடியாமல் போனார். அதை வாங்கிப்போன கிழவர், அதையும் எடுத்துக்கொண்டு வித்துரா என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாராம். மேடையிலேயே "வாக்கர், ஒன்று குறைவு" என்று வாசித்தார்கள். கிளப்பின் செய்தி மடலிலும் அப்படியே அச்சாகிவிட்டது. சாலைக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? அந்த மனிதர் டீ குடிக்கப் போனாலும் "அண்ணாச்சி, வாக்கர் கிடைச்சுதா?" என்று ஒரு வருஷம் பூராவும் கேட்டார்கள். கடைசியில் அவர் பெயரே "வாக்கர் அண்ணாச்சி" ஆகிவிட்டது. அப்பா மானத்துக்கு அஞ்சுகிறவர். தன் முறை வரும்போது ஒரு குண்டூசி குறையக் கூடாது என்று அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நம்பர் அட்டை எழுதும் வேலை எனக்கு. என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று டீச்சர் சொல்லப்போய், அப்பா அதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். புடவைப் பெட்டி அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, சிவப்பு மையில் நம்பரும் நீல மையில் பெயருமாகப் பன்னிரண்டு அட்டைகள் எழுதினேன். ஏழாம் நம்பர் ஆக்ஸிஜன் சிலிண்டர். "க்ஸி" எழுத்து சரியாக வரும்வரை மூன்று அட்டைகளைக் கிழித்துப் போட்டேன். புது மடலில் அட்டை எழுதியவர் என்று என் பெயரும் வரும் என்று அப்பா சொல்லியிருந்தார். மடலை விழாவிலேயே கொடுக்க வேண்டும் என்பதால் விழா நடப்பதற்கு நான்கு நாள் முன்பே, நடந்து முடிந்த மாதிரியே எழுதி, அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. "கிளப்பின் உடைமைகள் அனைத்தும் குறைவின்றி ஒப்படைக்கப்பட்டன" என்று அதில் இருந்தது.

அந்தச் சிலிண்டர் செல்லத்துரை அண்ணன் வீட்டில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சாலையில் ஒரு மிளகாய் மண்டியில் பல வருஷம் எடை போட்டவர். அந்தத் தூசியெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்து, நாற்பது வயதுக்குள்ளேயே நாலடி நடந்தால் "சுவாசம் முட்டல்" வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் அவரும் மனைவி ராஜம் அக்காவும் இருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அப்பா அங்கே போனபோது, ஓட்டோவில் அட்டைக்கட்டோடு நானும் போனேன்.

எங்களைக் கண்டதும் செல்லத்துரை அண்ணன் கட்டிலை விட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்கப் பட்ட பாட்டை அப்பா பார்த்தார், தயங்கவும் செய்தார். "ஒரு நாள்தான் டே, திங்கக்கிழமை காலைல திரும்ப வந்துரும். முடியுமா? முடியலேன்னா சொல்லு" என்றார்.

"கொழப்பமில்ல அண்ணாச்சி. ஒரு நாளத்த காரியந்தானே" என்று சிரித்தார் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சிலிண்டரைத் துடைக்கவும் செய்தார். "தந்தவங்க கேக்காம நாமளே கொண்டாந்து தந்திருக்கணும். மழையில உங்கள அலைய வச்சுட்டேன்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ராஜம் அக்கா என் கையைப் பிடித்து அடுப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என் காதோடு சொன்னார்: "பாப்பா, அப்பாட்ட நீ ஒரு வார்த்த சொல்லும்மா. இந்த ஒரு தடவ விட்டுரச் சொல்லு. நாலு நாளா படுக்க முடியாம இருந்துகிட்டேதான் ஒறங்குதாவ. நான் கேட்டா மானக்கேடும்பாவ, அவிய முன்னால என்னால கேக்க முடியாது. நீ வெளிய போயி மெள்ளச் சொல்லு, கேட்டியா?"

நான் தலையை ஆட்டினேன்.

சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்று எழுதினால் அது பொய். ஓட்டோவில் சிலிண்டர் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அதன் கழுத்தில் நான் ஏழாம் நம்பர் அட்டையைக் கட்டினேன். பன்னிரண்டும் சேர்ந்துவிட்டது என்று அப்பா பெருமூச்சு விட்டு என் தலையைத் தடவினார். அந்த நேரத்தில் அவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேஜையில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடப்பதை நினைத்தேன், கிழித்துப் போட்ட மூன்று அட்டைகளையும் நினைத்தேன். ஒரு நாள்தானே என்று அப்பா சொன்னதையே நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பதினோரு வயதில் எனக்கு விவரம் போதாது என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். விவரம் போதிய அளவு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு விழா. சிறப்பு விருந்தினர் வரும்போது மணி ஒன்றாகிவிட்டது. எங்கேயோ ரோட்டில் மரம் விழுந்துவிட்டதாம். அதுவரை பட்டுப்புடவைகளும் கோட்டுகளும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பிறகு இறைவணக்கம், வரவேற்பு, பேச்சு, பதக்க மாலை. புதிய தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. வாட்டசாட்டமான மனிதர், கெட்டவரும் இல்லை. செயலாளர் பட்டியலை வாசிக்க, அவர் ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டுக்கொண்டே போனார். "நம்பர் ஏழு. ஆக்ஸிஜன் சிலிண்டர், ஒன்று." எல்லாரும் கை தட்டினார்கள். வாக்கர் அண்ணாச்சியும் தட்டினார். அப்பா மேடையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார். நான் எதையும் பார்க்கப் பிடிக்காமல் மடலைப் புரட்டி என் பெயரைத் தேடினேன். இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அப்பா புதிய தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தச் சிலிண்டரை மட்டும் இப்பவே அனுப்பிரலாமா? அவனுக்குக் கொஞ்சம் சுகக் குறைவுதான்" என்று கேட்டது எதிர்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு முதல் சேவை அதுதானே, போட்டோக்காரனைச் சொல்லியாச்சு. அவன் பெண்டாட்டி வந்து மேடைல வாங்கட்டும், நல்லா இருக்கும்" என்றார் அவர். "அவசரம்னு அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

அப்பா யோசித்தார். "இல்ல. அவனே சிரிச்சுட்டேதான் தந்தான்."

"அப்பம் மதி, அவசரமில்ல. நாளைக்குப் பாக்கலாம்."

அலமாரிச் சாவி கைமாறிவிட்டது. அதற்குமேல் வற்புறுத்தினால், இறங்கியவன் இன்னும் அதிகாரம் பண்ணுகிறான் என்று பேச்சு வரும். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு அப்போது போளியும் பால் பாயசமும் பரிமாறியிருந்தார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால்கூடப் போதும். ஓட்டோவில் பத்து நிமிஷம்தான். நான் போளியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு இந்த ஊரில் எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், போளி வரும்போது இலையில் கையை வைத்து மறைத்துவிடுவேன். சர்க்கரை நோயா என்று கேட்கிறார்கள்.

மூன்று மணி சுமாருக்கு லைன் வீட்டுப் பையன்கள் இருவர் நனைந்துகொண்டு ஓடி வந்தார்கள். செல்லத்துரை அண்ணனுக்கு மூச்சு முட்டுகிறது, உதடு நீலமாகிவிட்டது, சிலிண்டர் வேண்டும் என்றார்கள். அப்போது யாரும் முதல் சேவையைப் பற்றிப் பேசவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஜவுளிக்கடை முதலாளியே பட்டு வேட்டியோடு சிலிண்டரைத் தூக்கி ஓட்டோவில் வைத்தார். அப்பா ஏறினார், யாரும் தடுக்காததால் நானும் ஏறினேன். கிள்ளிப்பாலத்தில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நின்றிருந்தன. அப்பா இறங்கி அந்த இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தார்.

வீட்டு வாசலுக்குப் போகும்போதே அழுகைச் சத்தம் கேட்டது.

அப்பா சிலிண்டரைச் சுவரோரம் இறக்கிவைத்தார். மழையில் ஊறிய என் அட்டை அதன் கழுத்தில் ஒட்டிக் கிடந்தது, சிவப்பு மை கரைந்து வழிந்திருந்தது. ராஜம் அக்கா தரையில் உட்கார்ந்து செல்லத்துரை அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா நீ?" என்று கேட்டார்.

ராஜம் அக்கா நிமிர்ந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கால் விரல்களில் சேறு ஒட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

"தோணல அண்ணாச்சி" என்றார்.

இருதயமும் கெட்டிருந்தது, சிலிண்டர் இருந்திருந்தாலும் போயிருக்கலாம் என்று ஒரு டாக்டர் பிறகு சொன்னார். அப்பா அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அடுத்த கூட்டத்தில் அப்பா எழுந்து, இனிமேல் நோயாளி வீட்டிலிருந்து ஒரு பொருளையும் திரும்பக் கேட்கக் கூடாது, பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்றார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கமிட்டியில் பேசி முடிவு செய்யலாம் என்றார்கள். கமிட்டி கூடியதாகத் தெரியவில்லை. அடுத்த மடலில் முதல் பக்கத்தில் சக்கர நாற்காலி வழங்கும் படமும், கடைசிப் பக்கத்தில் "வருந்துகிறோம்" என்று இரண்டு வரியும் வந்தன. என்ன நடந்தது என்று அப்பா எழுதிக் கொடுத்த கடிதம் வரவே இல்லை. அடுத்த ஜூனிலும் மேஜை போட்டு அடுக்கினார்கள். அப்பா போகவில்லை. அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் போகவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள், அதற்கே அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

ராஜம் அக்கா நாற்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். விலாசம் யாரிடமும் இல்லை. லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கிளப்பின் அரங்கத்தை இடித்து ஒரு துணிக்கடையின் வண்டி நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். அலமாரி எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தக் காலத்தில் ஆக்ஸிஜன் மெஷின் வேண்டுமென்றால் போனில் வாடகைக்குச் சொல்லலாம், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கிளப்பு மட்டும் ஒரு ஹோட்டல் மாடியில் இன்னும் கூடுகிறது. மடல் வாட்ஸாப்பில் வருகிறது.

போன மாதம் அதன் இப்போதைய செயலாளர், நல்ல பையன், என்னைப் போனில் கூப்பிட்டார். முன்னாள் தலைவர்களைப் பற்றி மலர் போடுகிறார்களாம், அப்பாவைப் பற்றி நான்கு வரி வேண்டுமாம். நான் இதையெல்லாம் சொன்னேன். ராஜம் அக்கா என் காதில் சொன்னதையும் சொன்னேன், முதல் தடவையாக வாயால் சொன்னது அப்போதுதான். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அதொண்ணும் வேண்டாம் மேடம், இது சந்தோஷ சமயமாச்சே. சாரோட நல்ல காரியம் ஏதாவது இருந்தா அனுப்புங்க" என்றார். நான் இதுவரை ஒன்றும் அனுப்பவில்லை.

அப்பா எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். கடைசிச் சில வருஷங்களில், சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, திடீரென்று அந்தப் பேச்சை எடுப்பார். தன்னைத்தான் முதலில் திட்டிக்கொள்வார், தன் மானத்துக்காக ஒருத்தனைக் கொன்றேன் என்பார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் இதையும் சேர்த்துச் சொல்வார்: "ஆனா பாரு, அந்த ராஜமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்லு மாதிரி நின்னா. சொல்லியிருந்தா சத்தியமா நான் எடுத்திருக்கமாட்டேன்."

"ஆமாப்பா" என்பேன். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.