வேலூரில் வாங்கிய கோல்ஃப் மட்டைகள்

என் மகன் ஆஸ்திரேலியா போன புதிதில் போனில் நிறையப் பேசுவான். அங்கே பஸ் எப்படி இருக்கும், அரிசி எங்கே கிடைக்கும், எல்லாம் சொல்வான். போகப் போக, "சாப்டியாம்மா?" "சாப்டேன்பா, நீ?" என்பதோடு நின்றுவிட்டது. ஆரணியில் இருந்துகொண்டு நான்தான் புதிதாக எதைச் சொல்வது? தறி ஓடுகிறது, அப்பா சேலை எடுத்துக்கொண்டு பெங்களூர் போயிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சத்தமில்லை. போனை வைக்கவும் மனசு வராது.

ஒரு நாள் போட்டோ ஒன்று அனுப்பினான். புல்வெளியில் கோல்ஃப் மட்டையோடு நிற்கிறான். இளைத்திருக்கிறானா என்று முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு மட்டையை, புல்லை, தூரத்தில் கம்பத்தில் பறந்த கொடியை. லீவு நாளான சனிக்கிழமைகளில் அவன் அங்கேதான் இருக்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த விளையாட்டு தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமே என்று தோன்றியது.

பழைய சாமான் விற்கும் ஆப்பில் தேடினேன். வேலூரில் ஒருவர் பெண்களுக்கான செட் விற்பதாகப் போட்டிருந்தார்.

"ஆரணியில எங்க போய் கோல்ஃப் ஆடுவ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆடறதுக்கு இல்லீங்க. அவன் இன்னா பண்றான்னு தெரிஞ்சிக்கிறதுக்கு."

வேலூர் போகிற அன்று அவரே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார்.

விற்றவர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் கையைத் தூக்க முடியவில்லை என்றார்.

"யாருக்கு வாங்கறீங்க, பொண்ணுக்கா?"

"எனக்குதாங்க."

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். ஒரு மட்டையைக் கொடுத்து நிற்கச் சொன்னார். என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. பிடியில் இருந்த ரப்பர் காய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. "இதை மட்டும் மாத்திக்குங்க. இல்லன்னா கையை விட்டு நழுவிடும்," என்றார். முழு செட்டையும் என் தலையில் கட்டவில்லை. ஏழாம் நம்பர் மட்டை, ஒன்பதாம் நம்பர் மட்டை, குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தள்ளுகிற 'பட்டர்' மட்டை, கத்துக்க இந்த மூன்றும் போதும் என்று நாலைந்து பழைய பந்துகளோடு எடுத்து வைத்தார். பெரிய தலை வைத்த மட்டையை நான் தொட்டதும், "அது விக்கறதுக்கு இல்லம்மா," என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்வரை அது அவர் மடியிலேயே இருந்தது.

மூன்று மட்டையையும் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணமங்கலத்தில் ஏறிய ஒரு பெண், "ஜன்னலுக்குக் கம்பியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தறி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கே பந்தைத் தடுக்க எதிரே கொசுவலையை இரட்டையாக மடித்துக் கட்டிவிட்டு அடித்துப் பார்த்தேன். முதலில் மண்தான் பறந்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில் பந்து 'டக்'கென்று கிளம்பி வலையில் போய் விழுந்தது. உடனே மகனுக்கு வீடியோ கால் போட்டு மட்டையைக் காட்டினேன்.

முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மட்டையைப் பார்த்தான்.

"எதுக்கும்மா இது?"

"நீ ஆடறியே. உன்னாண்ட பேசலாம்னுதான்."

"அது ஒரே ஒரு வாட்டிம்மா. ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிகினு போனாங்க. என் மட்டைகூட இல்ல அது."

"அப்போ சனிக்கிழமை இன்னா பண்ணுவ?"

"ரூம்லதான் இருப்பேன்."

"யார்கூட?"

"யாரும் இல்லம்மா."

மனசில் நான் கட்டி வைத்திருந்த அந்தப் பச்சை மைதானம், கூட்டாளிகள், சிரிப்பு எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டன. அழுதால் அவனும் அழுவான் என்று, "சரி, எப்படிப் பிடிக்கணும், பாத்துச் சொல்லு," என்றேன். "எனக்கும் தெரியாதும்மா," என்றான். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் தேடிப் பார்த்து, இடது கட்டைவிரல் எங்கே வரவேண்டும் என்று வெகுநேரம் தர்க்கம் செய்தோம். பேச்சு குறைந்துபோன பிறகு நாங்கள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் அவனும் அங்கே ஒரு பழைய செட் வாங்கினான். சனிக்கிழமை ஆனால் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்துக்குப் போய், போனை எதன்மீதாவது சாய்த்து வைத்துவிட்டு அடிக்கிறான். நான் இங்கே என் வலையில் அடிக்கிறேன். அவன் முழங்காலுக்குக் கீழேதான் எனக்குத் தெரியும். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது.

"எங்க போச்சு?"

"மரத்துக்கு அந்தாண்ட. இரு, எடுத்துகினு வரேன்."

ஊருக்கு வர அவனுக்கு லீவு இந்த வருஷமும் கிடைக்கவில்லை. அவன் பந்தை எடுக்கப் போனதும் திரையில் புல் மட்டும் இருக்கிறது. அங்கே அடிக்கும் காற்று அதில் தெரிகிறது. நான் என் மட்டையைத் தறி ஷெட் சுவரில் சாய்த்துவிட்டு, போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.